மூன்று மாப்பிள்ளைகளும் ஒரு செர்ரிச் சோதனையும்

சுவிஸில் நான் பார்த்த வேலை, மரங்கள் தூங்கி எழும்பிவிட்டனவா என்று பார்ப்பது. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஊருக்குத் தொலைபேசி எடுத்தபோது அம்மா, "எழும்பாட்டில் என்ன செய்வாய், நீயோ எழுப்பிறனி?" என்று கேட்டார். லாங்கன்தால் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்குத் தொழில் அனுபவம் எழுதச் சொன்னவர்கள் உணவகம், மருத்துவமனை, தொழிற்சாலை என்று தலைப்புகளைத் தந்தார்கள். நான் எதற்குள்ளும் அடங்கவில்லை என்று கண்டதும், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "இதர" என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஆகவே இது இதர.

எழுத ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் ஓய்வு பெற்ற பழ ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது கிளை வெட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்களாம். மரத்தில் ஒரு கருவியைக் கட்டிவிட்டு, கணினி சொல்வதைக் கேட்கிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் ஒருநாள் தொலைபேசி எடுத்து, வெறும் கண்ணால் பார்த்தே எப்படி முடிவு சொன்னீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். அவளை நிலையத்தின் பழைய அறிக்கைகளைப் பார்க்கச் சொன்னேன். அவற்றில் இல்லாத ஒரு சோதனையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து லாங்கன்தாலில் ஓர் உணவகத்தில் சட்டி கழுவினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அங்கிருந்து போஸ்ட் பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்த அந்த நிலையத்துக்கு, தொட்டியில் வளர்த்த செர்ரி மரங்களைக் குளிர் அறைக்குள் தூக்கி வைக்கவும் வெளியே எடுக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. சட்டி தூக்கியவன் தொட்டியும் தூக்குவான் என்று என்னை எடுத்தார்கள். தூக்கினேன். பிறகு கிளை வெட்டப் பழகினேன். பிறகு மொட்டுப் பார்க்கப் பழகினேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

எங்கள் பொறுப்பாளர் டொக்டர் எக்லி. ஒல்லியான நெட்டை மனிதர். மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப் பையில் அவர் வெப்பமானி வைத்திருப்பார். என்னோடு கதைக்கும்போது சுவிஸ் ஜெர்மன் பேச்சுமொழியைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஏட்டு ஜெர்மனில், வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். கோபம் வந்தாலும் அதே வேகம்தான். எந்த முடிவையும் திரும்பத் திரும்பச் செய்து பார்க்காமல் ஏற்கமாட்டார். இன்றைக்குக் கோப்பி நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால், நேற்றும் இருந்ததா என்று கேட்பார். நேற்று நான் குடிக்கவில்லை என்றால், அப்படியானால் ஒன்றும் சொல்ல முடியாது என்று கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

செர்ரி மரத்தைப் பற்றி அவர் சொல்லித்தந்ததை இரண்டு வரியில் சொல்லலாம். இலை கொட்டியதும் மரம் தன் மொட்டுகளை இறுக மூடிக்கொண்டு உறங்கிவிடும். அது எழும்ப வேண்டுமானால் முதலில் போதிய அளவு குளிர் வேண்டும், அதற்குப் பிறகு போதிய அளவு சூடு வேண்டும். குளிர்க் கணக்கு முடியாத மரத்துக்கு எவ்வளவு சூடு கொடுத்தாலும் அது அசையாது. என்னோடு அறையில் இருந்த சிநேகிதர்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் என்பதால் எனக்கு இது உடனே விளங்கியது.

விளங்காதது குளிர் எது என்பது. என் முதல் மாரியில் ஒரு கிழமை முழுவதும் மூச்சு மீசையில் உறைகிற குளிர். இரண்டு ஜாக்கெற்றுக்கு மேல் மூன்றாவதையும் போட்டுக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்து வெப்பமானிகளை வாசித்தேன். மரங்களுக்கு நல்ல காலம் என்ற மகிழ்ச்சியோடு எண்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எக்லி ஒவ்வொன்றாக வாசித்து, எல்லாவற்றுக்கும் நேரே பூச்சியம் போட்டார். உறைநிலைக்குக் கீழே போன குளிரை மரம் கணக்கில் எடுப்பதில்லையாம். உறைநிலைக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட ஏழு பாகை வரை உள்ள நடுத்தரக் குளிர்தான் சேருமாம். அப்படியானால் இந்தக் கிழமை முழுக்க வீணா என்று கேட்டேன். மரத்துக்கு ஆம் என்றார். எனக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. அவ்வளவு குளிரிலும் நின்றவன் நான், மரம் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

மரம் போதிய குளிர் கண்டுவிட்டதா என்று அறிய ஒரே வழி அதைக் கேட்பதுதான். கேட்கும் முறை இது. மாரி தொடங்கியதில் இருந்து வாரம்தோறும், ஒரே வரிசை மரங்களில், தோள் உயரத்தில், வடக்குப் பக்கத்தில், பென்சிலைவிடச் சற்றுத் தடித்த கிளைகளை வெட்ட வேண்டும். வெட்டியதை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, அடியைத் தண்ணீருக்குள் வைத்தே இன்னொரு தரம் சாய்வாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் புகுந்து கிளை காய்ந்துவிடும். பிறகு தண்ணீர்ப் போத்தலில் வைத்து, கோடைகாலம் மாதிரிச் சூடும் வெளிச்சமும் உள்ள அறைக்குள் நிறுத்துவோம். நாங்கள் அதைச் சூட்டறை என்போம். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மொட்டின் செதில் விலகிப் பச்சை தெரிந்தால் வெளியே உள்ள மரம் குளிர்க் கணக்கை முடித்துவிட்டது. தெரியாவிட்டால் இன்னும் இல்லை. நாங்கள் பூதக்கண்ணாடியும் கையுமாக மொட்டு மொட்டாகப் போவோம். எக்லி ஒவ்வொரு கிளைக்கு முன்னாலும் ஒரே அளவு நேரம் நிற்பார். ஒன்றுக்கு முன்னால் கூட நின்றுவிட்டால், மற்றவற்றுக்கும் திரும்பிப் போய் நிற்பார்.

சுதா எங்களிடம் வந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். பதின்ம வயதில் அண்ணனோடு வந்து, இங்கேயே பள்ளிக்கூடம் முடித்து, சில வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு, ஆய்வுகூட உதவியாளருக்கான தொழிற்பயிற்சிக்கு எங்கள் நிலையத்தில் இடம் எடுத்திருந்தாள். இங்கே அதை லேரே என்பார்கள். அந்த இடம் கிடைப்பது லேசான காரியம் இல்லை, அதுவும் எங்கள் பெயர்களை வைத்துக்கொண்டு. அவளுக்குக் கை சுத்தம், வாய் கொஞ்சம் காரம். எக்லியிடம் சுவிஸ் ஜெர்மனிலேயே கதைப்பாள், அவரும் அவளிடம் மட்டும் செய்தி வாசிப்பதை மறந்துவிடுவார்.

அவளுடைய அண்ணன் தவராசா லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தாய் தகப்பன் ஊரில். தங்கச்சியைக் கரைசேர்க்கும் பொறுப்பு முழுக்கத் தன் தலையில் என்று நினைத்து நினைத்தே தலைமயிரில் பாதியைக் கொட்டிக்கொண்டவர். நல்ல மனிதர். அந்த வருடம் சுதாவுக்கு ஒரே நேரத்தில் மூன்று ஊர்களில் இருந்து மூன்று சம்பந்தம் வந்துவிட்டது. லாங்கன்தால் மாப்பிள்ளை, தவராசா அண்ணையின் மேற்பார்வையாளர் கொண்டுவந்தது. ரெனான் மாப்பிள்ளை, அண்ணையின் மனைவி வீட்டார் கொண்டுவந்தது. ஓர்லிகோன் மாப்பிள்ளை, ஊரில் இருந்து பெரியம்மா கொண்டுவந்தது. மூன்று பேருக்கும் சாதகம் பொருந்திவிட்டது. யாரை வேண்டாம் என்றாலும் ஒரு வீட்டு வாசல் அடைபடும். தை பிறந்ததும் பதில் சொல்வதாக மூன்று பகுதிக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு, அண்ணை சாப்பிடாமல் திரிந்தார்.

கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று யோசித்திருக்கிறார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமிக்கு முன் போட்டு, ஒன்றை எடுத்து, வருவதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வது எங்கள் வழக்கம். ஆனால் அங்கே பொட்டலம் கட்டுகிற கோயில் தலைவர் ஓர்லிகோன் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. சாமி நடுநிலையாக இருக்கும், சித்தப்பா இருப்பார் என்று சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் ஒரு சுவிஸ் அம்மா, டிசம்பர் தொடக்கத்தில் வரும் பார்பரா நாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் செர்ரிக் கிளை வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வைப்பார்கள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, பூத்தால் அதிர்ஷ்டம். கலியாணமாகாத பெண்கள் ஒவ்வொரு கிளைக்கும் ஓர் ஆணின் பெயரைக் கட்டுவார்களாம், முதலில் பூக்கும் கிளைக்காரனே மாப்பிள்ளையாம்.

அன்று பின்னேரமே அண்ணை என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"தம்பி, எங்கட பூக்கட்டிப் பாக்கிறது இவங்களிட்டயும் இருக்கு. நாங்கள் பேப்பரில கட்டுறம், இவங்கள் கிளையில கட்டுறாங்கள். உங்கட இடத்தில எண்டால் கட்டாயம் பூக்குமெல்லோ?"

எங்கள் இடத்தில் பூக்காமலும் இருக்கும், அதற்காகத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை. பார்பரா நாளன்று செய்தித்தாளில் சுற்றிய மூன்று கிளைகளோடு நிலைய வாசலில் நின்றார். தெரிந்த விவசாயி ஒருவரிடம் கேட்டு வெட்டியவை. ஒவ்வொன்றிலும் ஒரு மாப்பிள்ளையின் ஊர்ப் பெயரோடு ஓர் அட்டை. சுவிஸ் மரம் என்றபடியால் ஜெர்மன் எழுத்தில் எழுதியிருந்தார். நான் அவற்றைச் சூட்டறையின் மூலையில் வைத்தேன். சுதா வந்து பார்த்தாள், அட்டைகளை வாசித்தாள், போய்ப் போத்தல் கழுவினாள்.

எக்லி அடுத்த சுற்றில் மூலைக்கு வந்ததும் நின்றார். குனிந்தார். வெப்பமானியை எடுத்து, ஏனோ தெரியாது, மறுபடியும் பையில் வைத்தார்.

"ஹெர் சிவா," என்றார், "ரெனான் என்ற வகையை நான் அறியேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று சம்பந்தம், மூன்று வாசல், சித்தப்பா, பார்பரா. வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தார். ரெனான் கிளையில் இருப்பவை எல்லாம் இலை மொட்டுகள், அதில் ஒருநாளும் பூ வராது என்றார். லாங்கன்தால் கிளை மற்றவற்றைவிட இரண்டு மடங்கு தடிப்பு. ஓர்லிகோன் கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டினார். முகம் சிவந்தது.

"இது செர்ரியே இல்லை, பிளம்ஸ்," என்றார். "இந்த மனிதருக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது."

மூடநம்பிக்கைக்கு ஏசுவார் என்று காத்திருந்தேன். அவருக்கு அதில் ஒரு கோபமும் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்யும் சோதனையை, ஒரு மாப்பிள்ளைக்கு ஒரு கிளை என்று, அதுவும் வேறு வேறு மரங்களில் வெட்டிச் செய்வதா என்பதுதான் கோபம். செய்வதானால் ஒழுங்காகச் செய்ய வேண்டும், அந்தப் பெண்ணின் சகோதரரை வரச் சொல்லுங்கள் என்றார்.

தவராசா அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டி, ஒரு பெட்டி லட்டோடு வந்தார். எக்லி லட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினார். நான் மொழிபெயர்த்தேன். மூன்று ஆண்களும் ஒருவருக்கொருவர் தொடர்பற்றவர்களா என்பது முதல் கேள்வி. அண்ணை யோசித்து, ரெனான்காரரும் ஓர்லிகோன்காரரும் தூரத்து மச்சான் முறை என்றார். எக்லி உதட்டைப் பிதுக்கினார். தொடர்பே இல்லாத மூன்று தமிழரைச் சுவிஸில் எங்கே தேடுவது என்று நான் கேட்டதை அவர் நியாயம் என்று ஏற்றுக்கொண்டார். பிறகு தன் திட்டத்தைச் சொன்னார். அந்த வருடம் இலையுதிர்காலம் இளஞ்சூடாக இருந்ததால் தோட்டத்து மரங்கள் இன்னும் குளிர்க் கணக்கை முடிக்கவில்லை. இப்போது வெட்டினால் மூன்று மாப்பிள்ளைகளும் தோற்பார்கள். நத்தாரை ஒட்டி வெட்டினால் தை பிறந்து சில நாளில் பதில் தெரியும். எல்லாம் ஒரே வரிசை மரங்களில் இருந்து. ஆளுக்குப் பல கிளைகள். போத்தல்களில் பெயர் இராது, ஏ, பி, சி, டி என்று எழுத்து மட்டும்தான்.

அண்ணை விரல் மடித்துப் பார்த்தார். மூன்று பேருக்கு எதற்கு நான்கு எழுத்து என்று கேட்டார்.

"நான்காவது, ஆளில்லாக் கிளைகள்," என்றார் எக்லி. "யாரும் யாரையும் கலியாணம் செய்யக் கேட்காதபோது செர்ரி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அது இல்லாமல் மற்ற மூன்றும் ஒன்றையும் சொல்லாது."

நான் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அண்ணையின் முகம் தெளிந்தது. கோயிலிலும் இப்போதைக்கு வேண்டாம் என்பதற்கு ஒரு பூ வைக்கலாம்தானே என்றார். இந்த மனுசனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். இப்படியாக என் மொழிபெயர்ப்பில், ஆராய்ச்சியும் சாமியும் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஒப்பந்தம் செய்துகொண்டன.

இத்தனைக்கும் சுதாவை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை போன பிறகு போத்தல் அடுக்கிக்கொண்டிருந்தவள் என்னிடம் சொன்னாள்.

"சிவா அண்ணை, அந்த மூண்டு பேரிலயும் எனக்கு ஒரு கோவமும் இல்லை. எனக்கு இப்ப கலியாணம் வேண்டாம். லேரே முடிக்காமல் போனன் எண்டால் பிறகு ஒருத்தரும் எனக்கு இடம் தரமாட்டினம். அண்ணாவுக்கு இதைச் சொன்னால் தான் என்னைச் சரியா வளர்க்கேல்லை எண்டு அழுவார். நான் என்ன செய்ய?"

எக்லி சூட்டறைக் கதவில் நின்றார். தமிழ் விளங்காவிட்டாலும் குரல் விளங்கியிருக்க வேண்டும். என்ன விடயம் என்று கேட்டார். சுதா நிமிர்ந்து, சுவிஸ் ஜெர்மனில், அவர் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"சோதனை மிகவும் நேர்த்தியாக இருக்கிறது, ஹெர் டொக்டர். என்னை மட்டும்தான் ஒருவரும் கேட்கவில்லை."

சோதனைக்கு உட்படும் பொருளைக் கேட்கும் வழக்கம் இல்லை என்றார் எக்லி. வாயில் இருந்து வந்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போல இருந்தது. கையில் இருந்த தண்ணீர்ப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுதா லேரேயைப் பற்றி என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னாள், அழாமல், வேலை அறிக்கை மாதிரி. அவர் தலையசைத்துவிட்டு வெளியே போனார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தையாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம்.

நத்தாருக்கு முன் கிளைகளை அவரே வெட்டினார். எனக்கும் சுதாவுக்கும் மணப்பெண்ணைத் தெரியும் என்பதால் நாங்கள் பக்கச்சார்பு உள்ளவர்களாம். தானே போத்தலில் வைத்து, தானே எழுத்துகளை ஒட்டினார். எந்த எழுத்து யாருக்கு என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தண்ணீர் மாற்ற மட்டும் அனுமதி.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. செய்தி சுவிஸ் முழுக்கப் பரவிவிட்டது. நிலையத்துக்குத் தொலைபேசி வந்தபடி இருக்கும். ரெனானில் இருந்து பிரெஞ்சு கலந்த தமிழிலும் ஓர்லிகோனில் இருந்து ஜெர்மன் கலந்த தமிழிலும், மொட்டு வெடித்துவிட்டதோ என்று கிரிக்கெட் கேட்பது மாதிரிக் கேட்பார்கள். லாங்கன்தால் மாப்பிள்ளையின் தாயார் ஒருநாள் கோயில் விபூதியோடு நேரிலேயே வந்துவிட்டார், மகனுடைய கிளைகளுக்குப் பூச வேண்டுமாம். எந்தக் கிளை மகனுடையது என்று சொல்ல எக்லி மறுத்துவிட்டார். ஆனால் அவரைத் திருப்பி அனுப்பவும் இல்லை. எல்லாப் போத்தலுக்கும் சம அளவு, அல்லது ஒன்றுக்கும் இல்லை என்றார். அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மகனின் போட்டியாளர்களுக்கும், யாருமே இல்லாதவருக்கும் விபூதி பூசிவிட்டுப் போனார். எக்லி அதைச் சாம்பல், மிகச் சிறிய அளவு என்று பதிந்துகொண்டார்.

தை பிறந்தது. ஒரு காலையில் தண்ணீர் மாற்றப் போன சுதா என்னைக் கூப்பிட்டாள். சி எழுத்துக் கிளைகளில் செதில் விலகியிருந்தது. ஒன்றிரண்டில் இல்லை, எல்லாக் கிளைகளிலும். மற்ற மூன்று எழுத்துகளிலும் மொட்டுகள் இறுகிப்போய் இருந்தன. சில நாளில் சி வெள்ளை வெளேரென்று பூத்துக் கொட்டியது. சுதா அதற்குக் கிட்டவே போகவில்லை. அந்தச் சி யார் என்பதுதான் அவளுக்குக் கேள்வி. தண்ணீரை நான்தான் மாற்றினேன்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சூட்டறைக்குள் கூடினார்கள். இன்னொரு பெட்டி லட்டோடு தவராசா அண்ணையும், மூன்று மாப்பிள்ளை பகுதியிலும் இருந்து ஒவ்வொருவரும். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே கோடை. அவர்கள் போட்டுவந்த கம்பளிக் கோட்டுகளை எக்லி கழற்ற விடவில்லை, அறைக்குள் ஈரப்பதன் கூடிவிடுமாம். எல்லோரும் வியர்க்க வியர்க்க நின்றார்கள். சுதா கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எக்லி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ஏ, ஓர்லிகோன். பி, லாங்கன்தால். டி, ரெனான். நான் ஒவ்வொன்றையும் மொழிபெயர்க்க, ஒவ்வொரு பகுதியாக முகம் தொங்கியது. மூன்றும் முடிந்தது, பூத்தது மட்டும் மிச்சம்.

"சி, ஆளில்லை," என்றார்.

ஓர்லிகோன் பகுதியில் வந்த அதே கோயில் சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். இது ஏதோ பிழை, டொக்டர் இன்னொருக்கால் செய்து பார்க்கட்டும் என்றார். மற்ற இரண்டு பகுதியும் அதற்கு ஓம் என்றன. அவர்கள் மூவரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். நான் மொழிபெயர்த்தேன். எக்லியின் பதில் எனக்கு முன்கூட்டியே தெரியும், ஒரு கோப்பியின் ருசியைக்கூட மறுபடி சோதிக்கிற மனிதர் அவர்.

"தேவையில்லை," என்றார் எக்லி. "ஒரு முறை போதும்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அதற்குள் தவராசா அண்ணை பூத்த கிளைகளுக்கு முன்னால் போய், கம்பளிக் கையுறையைக் கழற்றி, பூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கேட்டாச்சு, பதில் வந்திட்டுது. இன்னொருக்கால் கேக்கிறது முறையில்லை. அவள் இப்ப படிக்கட்டும்."

சித்தப்பாவால் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கோயில் தலைவராக இருந்துகொண்டு, பூக்கட்டி வந்ததை ஏற்கமாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? மூன்று பகுதியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு லட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வாசலும் அடைபடவில்லை, மூன்று பேரையும் வேண்டாம் என்றது அண்ணை இல்லையே. அண்ணை போகும்போது பூத்த கிளைகளை எடுத்துப்போகலாமா என்று கேட்டார். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குக் கொடுத்தோம். பஸ் தரிப்பிடத்தில் சுதா கிளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அண்ணை தன் தலையில் பனி கொட்ட, குடையைப் பூக்களுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் சிரித்ததை நான் யன்னலால் பார்த்தேன். அவ்வளவு வாய்விட்டு அவள் சிரித்து அதற்கு முன் பார்த்ததில்லை.

மிஞ்சிய கிளையைத் துடைத்து வைக்க எடுத்தபோதுதான் கண்டேன். பூவுக்குக் கீழே, காய்ந்த செதில்களின் இடுக்கில், மரத்தூள் ஒட்டியிருந்தது. தோட்டத்தில் வெட்டிய கிளையில் மரத்தூள் வர வழியே இல்லை. குளிர் அறையில் மட்டும்தான், நடுத்தரக் குளிரில் மாதக்கணக்காக வைத்திருக்கும் கிளைகளை ஈர மரத்தூளுக்குள் புதைத்து வைப்போம். இலை கொட்டிய நாளில் இருந்து ஒரு மணி நேரமும் வீணாகாமல் குளிர் சேர்த்த கிளைகள் அவை. தோட்டத்துக் கிளைகள் மட்டுமட்டாகக் கணக்கை முடித்து நிற்கும்போது அவை அதற்கும் மேலே குளிர் சேர்த்திருக்கும், அதனால் சூட்டறையில் முந்திப் பூக்கும். மூன்று மாப்பிள்ளைகளுக்கும் தோட்டத்துக் கிளை, ஆளில்லாததற்குக் குளிர் அறைக் கிளை. வெட்டியவர் ஒருவர், எழுத்து ஒட்டியவரும் அவர்தான்.

எக்லி மேசையில் லட்டுப் பெட்டியை ஒழுங்காக மூடிக்கொண்டிருந்தார். கிளையை அவருக்கு முன்னால் பிடித்து, விரலால் மரத்தூளைக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை.

"போதிய அளவு குளிர் கிடைத்தால் மொட்டு விரியும், ஹெர் சிவா," என்றார். "வேறு விளக்கம் தேவையில்லை." பிறகு, இந்தச் சோதனை அறிக்கையில் சேர்க்கத் தகுதியற்றது என்று, செய்தி வாசிப்பது மாதிரியே சொல்லிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அவர் காரணம் கேட்பார் என்று விட்டுவிட்டேன்.

சுதா லேரேயை முடித்தாள். அதற்குப் பிறகு அவள் யாரைக் கட்டினாள், எப்போது கட்டினாள் என்பது அவள் சொந்த விடயம், மலருக்கு உரியதல்ல. மூன்று மாப்பிள்ளைகளின் கிளைகளையும் வீசச் சொல்லி ஒருவரும் சொல்லாததால் அவை சூட்டறையிலேயே நின்றன. சுதா ஒருநாளும் தவறாமல் அவற்றுக்குத் தண்ணீர் மாற்றினாள். அடுத்த கிழமை மூன்றும் ஒரே நாளில் பூத்தன. பார்க்க ஒருவரும் வரவில்லை.